அண்டார்டிகாவில் நாஜிகளின் ரகசியத் தளம் இருந்ததா?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் நாஜிகள் ரகசியத் தளம் கட்டினார்களா? போர் முடிந்ததும் ஹிட்லர் நீர்மூழ்கிக் கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்தாரா? 1947-ல் அமெரிக்கக் கடற்படை அந்தத் தளத்தைத் தாக்கப் போய் அடிவாங்கித் திரும்பியதா? மூன்றுக்கும் ஒரே பதில்தான்: இல்லை.

ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் உங்களுக்குத் திருப்தி இருக்காது என்று தெரியும். இந்தக் கதையைச் சொல்லும் வீடியோக்களில் வரும் கப்பல் நிஜம், நீர்மூழ்கிகள் நிஜம், அமெரிக்கக் கடற்படை போனதும் நிஜம். நாஜிகளுக்குத் துருவப் பனியில் ரகசியத் தளங்கள் இருந்ததுகூட நிஜம். ஆனால் அவை இருந்தது வேறு துருவத்தில், வேறு வேலைக்காக. பல நாஜிக் குற்றவாளிகள் தப்பித்ததும் உண்மை. அவர்கள் போன வழிதான் யாரும் படமெடுக்க விரும்பாத அளவுக்குச் சாதாரணமானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கப்பல். பெயர் ஷ்வாபென்லாண்ட். லுஃப்தான்சா நிறுவனம் தென் அட்லாண்டிக் தபால் விமானங்களுக்காக வைத்திருந்த கப்பல் அது. மேல்தட்டிலிருந்து கடல் விமானங்களைக் கவண்கல் மாதிரி எறிந்து பறக்கவிடும் பொறி அதில் இருந்தது. 1938 டிசம்பர் 17-ஆம் தேதி ஆல்ஃபிரெட் ரிட்ஷர் தலைமையில் ஹாம்பர்கிலிருந்து கிளம்பியது. காரணம் என்ன தெரியுமா? மார்ஜரின். ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் அந்தக் கொழுப்பைச் செய்ய ஜெர்மனிக்குத் திமிங்கில எண்ணெய் ஏராளமாகத் தேவைப்பட்டது. அதை நார்வேயிடம் வாங்கினால் அந்நியச் செலாவணி கரையும். போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த அரசுக்கு அந்தப் பணம் வேறு செலவுகளுக்கு வேண்டியிருந்தது. ஆகவே திமிங்கில வேட்டைக்குத் தோதான ஒரு கரையைப் பிடித்து வைக்கலாம் என்று கிளம்பினார்கள்.

நார்வேக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1939 ஜனவரி 14 அன்று, ‘குயீன் மாட் லேண்ட்’ என்ற அந்தப் பகுதி முழுவதும் தங்களுடையது என்று அறிவித்துவிட்டார்கள். ஜெர்மன் கப்பல் கரையை நெருங்கியது அதற்கு ஐந்து நாள் கழித்து. வந்ததற்கு இரண்டு டோர்னியர் விமானங்களைப் பறக்கவிட்டு, ஆயிரக்கணக்கில் வான்படம் எடுத்து, ஸ்வஸ்திகா பொறித்த அலுமினிய அம்புகளைப் பனியில் எறிந்து, ‘நோய்ஷ்வாபென்லாண்ட்’ என்று பெயரும் வைத்துவிட்டு, பிப்ரவரி 6-ஆம் தேதி கிளம்பிவிட்டார்கள். மொத்தம் மூன்று வாரம்கூட இல்லை. குளிர்காலத்துக்கு அங்கே ஒருவரும் தங்கவில்லை. சிமெண்டும் இரும்பும் இறக்கிச் சுரங்கம் வெட்டும் வேலையெல்லாம் அந்த மூன்று வாரத்தில் எங்கே நடக்கும்? பிடித்துக்கொண்டு போனது சில பென்குவின்களைத்தான்.

இந்தப் பயணத்தில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம் இருக்கிறது. விமானி ஷிர்மாக்கர் பறந்தபோது பனிக்கு நடுவே கறுத்த பாறையும் சின்னச் சின்ன ஏரிகளுமாக ஒரு நிலப்பகுதியைக் கண்டார். சதிக் கதை சொல்பவர்கள் இதைத்தான் ‘வெந்நீர் ஏரிகள், அடியில் எரிமலைச் சூடு, அதற்குள் நகரம்’ என்று வளர்த்தார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் ஷிர்மாக்கர் சோலை என்றுதான் பெயர். இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் 1989 முதல் அங்கேதான் இயங்குகிறது. பக்கத்திலேயே 1961-லிருந்து ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்காயா. நம் ஆட்கள் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கி, ‘பிரியதர்ஷினி’ என்று பெயரிட்ட ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சமைக்கிறார்கள். வெந்நீரா என்றால், இல்லை. கோடையில் வெயிலை உறிஞ்சும் கறுப்புப் பாறை பக்கத்துப் பனியை உருக்குகிறது, அவ்வளவுதான். நாஜி நகரத்தின் வாசல் என்று சொல்லப்படும் இடத்தில் முப்பது ஆண்டுக்கு மேலாக ஆள் வைத்திருக்கும் நாடு இந்தியா. இதுவரை ஒரு கதவும் தட்டுப்படவில்லை.

சரி, நீர்மூழ்கிக்கு வருவோம். ஜெர்மனி 1945 மே மாதம் சரணடைந்துவிட்டது. ஆனால் ஜூலை 10 அன்று யு-530, ஆகஸ்ட் 17 அன்று யு-977 என்று இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் அர்ஜென்டினாவின் மார் தெல் ப்ளாட்டா துறைமுகத்துக்கு வந்து சரணடைந்தன. முதலில் வந்ததில் கப்பல் ஆவணங்களே இல்லை. இரண்டாவது மூன்று மாதத்துக்கு மேல் எங்கேயோ இருந்துவிட்டு வந்திருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஜூலை மாதமே புவெனஸ் ஐரஸின் ‘கிரிதிகா’ நாளிதழ், ஹிட்லரும் ஏவா பிரவுனும் அண்டார்டிகாவில் இறக்கிவிடப்பட்டிருக்கலாம், 1938 பயணத்தில் அங்கே தளம் கட்டியிருக்கலாம் என்று எழுதியது. நீங்கள் பார்த்த வீடியோவின் பூர்விகம் இதுதான். அங்கே குடியேறியிருந்த லாதிஸ்லாஸ் சாபோ என்ற ஹங்கேரியர் 1947-ல் அதையே ஒரு புத்தகமாக விரித்தார். அப்புறம் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது.

ஒரு தலைவர் நீர்மூழ்கியில் கண்டம் தாண்டுவது நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கிறது. 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யு-180-ல் ஏறிய நேதாஜி, ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்து சேர்ந்தார். ஜெர்மானியர்கள் பினாங்கில் நீர்மூழ்கித் தளமே வைத்திருந்தார்கள். ஆகவே பொதுவாக முடியுமா என்று கேட்பதில் பயனில்லை. யு-977-க்கு முடிந்திருக்குமா என்றுதான் பார்க்க வேண்டும், அதற்குக் கணக்கு இருக்கிறது.

அதன் கேப்டன் ஹைன்ஸ் ஷேஃபர். மே 2-ஆம் தேதி நார்வேயிலிருந்து கிளம்பினார். போர் முடிந்த செய்தி கிடைத்ததும் மாலுமிகளிடம் கருத்துக் கேட்டார். குடும்பம் இருந்தவர்கள் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். பதினாறு பேரை பெர்கன் அருகே இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு அர்ஜென்டினா நோக்கிப் புறப்பட்டார். பிடிபடக் கூடாது என்று வாரக்கணக்கில் நீருக்கு அடியிலேயே, ஸ்நார்க்கெல் குழாய் வழியாகக் காற்று இழுத்துக்கொண்டு, ஆமை வேகத்தில் வந்தார்கள். மூன்று மாத மர்மத்துக்கு விடை அதுதான். ஜூலை 14 அன்று கேப் வெர்டே தீவுகளில் நின்று கடலில் குளித்திருக்கிறார்கள். அங்கிருந்து மார் தெல் ப்ளாட்டா சுமார் 7,000 கி.மீ. அவர்கள் எடுத்துக்கொண்டது 34 நாள். அண்டார்டிகாவைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் அதே 34 நாளில் கிட்டத்தட்ட 15,000 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். அந்த ரகக் கப்பல் தொட்டி நிறைய எண்ணெயோடு புறப்பட்டாலே நிதானமான வேகத்தில் மொத்தம் 16,000 கி.மீ.க்குள்தான் போகும். இங்கோ ஐரோப்பாவிலிருந்தே பாதி எண்ணெயைச் செலவழித்துவிட்டு வந்த கப்பல். இன்னொன்று, ஜூலை-ஆகஸ்ட் அங்கே கடுங்குளிர்காலம். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடலே உறைந்து கிடக்கும். பேட்டரியில் ஓடும் அந்தக் காலத்து நீர்மூழ்கி அதற்கு அடியில் நுழைந்தால் மூச்சு விட மேலே வர இடம் கிடையாது. காலின் சம்மர்ஹேஸ், பீட்டர் பீச்சிங் என்ற இருவர் 2007-ல் துருவ ஆய்விதழ் ஒன்றில் இந்தக் கதையை நூல் நூலாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கப்பல்களையும் அமெரிக்கா வாங்கிக்கொண்டு போய், விசாரணையெல்லாம் முடிந்தபின் குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் மூழ்கடித்துவிட்டது.

1946-47 அமெரிக்கப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஹைஜம்ப்’ என்று பெயர். 13 கப்பல்கள், சுமார் 4,700 பேர், தலைமை ரியர் அட்மிரல் பைர்ட். சோவியத்தோடு வடதுருவப் பக்கம் போர் வந்தால் உறைபனியில் கப்பலும் விமானமும் எப்படி வேலை செய்யும் என்று பழகிப் பார்க்கத்தான் போனார்கள். முகாம் போட்ட இடம் ராஸ் பனித்தட்டு, அதாவது ஜெர்மானியர்கள் பறந்த பகுதிக்கு 3,000 கி.மீ.க்கு அப்பால், கண்டத்தின் மறுபக்கம். எதிரியைத் தாக்கப் போகிறவன் வேறு மாநிலத்திலா கூடாரம் அடிப்பான்? இறந்தவர்கள் நான்கு பேர்: ஒரு கடல் விமானம் மோதியதில் மூவர், சரக்கு இறக்கும்போது ஒருவர். அந்த விமானத்தில் பிழைத்த ஆறு பேரைப் பதின்மூன்று நாள் கழித்து மீட்டார்கள். கூடவே பத்திரிகையாளர்களும் போனார்கள். எடுத்த படச்சுருளைக் கொண்டு ஒரு ஆவணப்படம் வந்து ஆஸ்கர் விருதும் வாங்கியது. ரகசியப் போருக்கு ஆஸ்கர் கொடுத்த நாடு வேறு எதுவும் இருக்காது. துருவத்தின் வழியாக எதிரி விமானங்கள் வரக்கூடும் என்று பைர்ட் சிலி நாட்டுப் பத்திரிகைக்குச் சொன்ன எச்சரிக்கை அந்தக் காலத்து சோவியத் பயம். அதுதான் கைமாறிக் கைமாறிப் பறக்கும் தட்டாகிவிட்டது.

இப்போது நான் மேலே சொன்ன நிஜமான ரகசியத் தளங்கள். எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

வட அட்லாண்டிக்கில் வானிலை மேற்கிலிருந்து கிழக்கே நகரும். நாளைக்கு ஐரோப்பாவில் புயலா வெயிலா என்பது நேச நாடுகளுக்கு ஒருநாள் முன்பே தெரிந்துவிடும், ஜெர்மனிக்குத் தெரியாது. படை நடத்த இது பெரிய இடைஞ்சல். அதனால் ஆர்க்டிக் தீவுகளில் ஒளிந்து வானிலை பார்க்க ஆட்களை அனுப்பினார்கள். ஆளில்லாத கருவியும் வைத்தார்கள். 1943 அக்டோபர் 22 அன்று யு-537 இன்றைய கனடாவின் லாப்ரடார் கரையில் தானியங்கி நிலையம் ஒன்றை நிறுவியது. பீப்பாய் பீப்பாயாகக் கருவிகள், பேட்டரிகள், ஒரு கம்பம். யாராவது பார்த்தால் சந்தேகப்படக் கூடாதே என்று ‘கனடா மீட்டியர் சர்வீஸ்’ என்று இங்கிலீஷில் எழுதி வைத்தார்கள். அந்தப் பெயரில் கனடாவில் ஒரு துறையே கிடையாது. சுற்றிலும் அமெரிக்க சிகரெட் பெட்டிகளைச் சிதறவிட்டுப் போனார்கள். கருவி கொஞ்ச நாளில் ஓய்ந்தது. கரையில் அப்படியே கிடந்ததை, ஜெர்மானியர் வைத்தது என்று 1981-ல்தான் கண்டுகொண்டார்கள். இன்று ஒட்டாவாவில் உள்ள கனடாப் போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ரஷ்ய ஆர்க்டிக்கில், ஃபிரான்ஸ் ஜோசப் லேண்டில் இன்னொரு நிலையம். அங்கிருந்தவர்களுக்கு 1944-ல் ஒரு விபரீதம். கரடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், இது நிஜக் கரடி: சரியாக வேகாத பனிக்கரடிக் கறியைத் தின்று, அதிலிருந்த புழுத்தொற்றில் ஆளாளுக்குப் படுத்துவிட்டார்கள். விமானம் வந்து அள்ளிக்கொண்டு போனது. அதன் மிச்சங்களை ரஷ்யர்கள் 2016-ல் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தபோது உலகம் முழுக்க ‘ரகசிய நாஜித் தளம்’ என்று தலைப்புப் போட்டார்கள். தலைப்பில் தப்பில்லை. உள்ளே இருந்தது வெப்பமானியும் ரேடியோவும் வயிற்றுவலிக்காரர்களும்.

மூன்றாவது, நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில். வில்ஹெல்ம் டேகே என்பவரின் தலைமையில் பதினொரு பேர். பெர்லின் விழுந்த செய்தியை ரேடியோவில் கேட்டார்கள். அதற்குப் பிறகு இவர்களை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. கடைசியில் 1945 செப்டம்பர் 4 அன்று கடல்நாய் பிடிக்கும் நார்வேப் படகு ஒன்று வந்தது. டேகே முறைப்படி தன் கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்துச் சரணடைந்தார். படகின் கேப்டனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை, இதை நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். இரண்டாம் உலகப்போரில் கடைசியாகச் சரணடைந்த ஜெர்மன் படைப்பிரிவு இதுதான். ஜப்பானே இரண்டு நாள் முன்னால் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தது.

ஹிட்லருக்கு வருவோம். 1945 ஏப்ரல் 30-இல் பெர்லின் பதுங்கறையில் தற்கொலை செய்துகொண்டார். எரிந்த உடலைச் சோவியத் உளவுப் பிரிவு கண்டெடுத்தது. மே மாதமே ஹிட்லரின் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த கேத்தே ஹாய்சர்மான் என்ற பெண்ணைத் தேடிப்பிடித்து, தாடை எலும்பைக் காட்டிக் கேட்டார்கள். எந்தப் பல்லில் என்ன கட்டு, எங்கே பாலம் வைத்தது என்று நினைவிலிருந்தே சொன்னார். பல் கட்டிய தொழில்நுட்பர் எக்ட்மானும் அதையே சொன்னார். அந்தத் தாடை ஒரு சின்னப் பெட்டியில் எலேனா ர்ஷெவ்ஸ்கயா என்ற இளம் மொழிபெயர்ப்பாளரின் கையில் இருந்தது. ஊரே வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் அந்தப் பெட்டியைக் கீழே வைக்க முடியாமல் சுமந்துகொண்டு திரிந்தார்.

ஆக மாஸ்கோவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும், ஜூன் 9 அன்று சோவியத் தளபதி மார்ஷல் ஷூகோவ், ஹிட்லர் விமானத்தில் தப்பியிருக்கலாம் என்று நிருபர்களிடம் சொன்னார். ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டில் ஸ்டாலின் அமெரிக்க வெளியுறவுச் செயலரிடம், ஸ்பெயினிலோ அர்ஜென்டினாவிலோ இருப்பான் என்றார். இந்த வதந்திக்கு வித்திட்டது ஏதோ பைத்தியக்காரன் அல்ல, ஆதாரத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தவரே. விலை கொடுத்தது ஹாய்சர்மான். அவரை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்த் தனிச்சிறையில் வைத்து, ஹிட்லரின் பல்லுக்கு வைத்தியம் பார்த்துப் போர் நீள உதவினாய் என்று பத்தாண்டுத் தண்டனையும் கொடுத்தார்கள். ஹிட்லருடையது என்று மாஸ்கோவில் வைத்திருந்த ஒரு மண்டையோட்டுத் துண்டு பெண்ணுடையது என்று 2009-ல் தெரிந்ததை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள். அது வேறு துண்டு. பற்களை பிரெஞ்சு ஆய்வாளர்கள் நேரில் பார்த்து 2018-ல் வெளியிட்ட முடிவு, அவை ஹிட்லருடையவையே என்பதுதான். காறையில் மாமிச நார் கூடக் கிடைக்கவில்லை, ஆசாமி சைவம்.

பறக்கும் தட்டும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டது எழுபதுகளில். அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கனடாவில் வாழ்ந்த ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் சுண்டல். யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று பிரசாரம் செய்தவர், பின்னால் ஜெர்மனியில் அதற்காகவே சிறைக்குப் போனவர். துருவத்து வாசலைத் தேட விமானப் பயணம் என்று தலைக்கு 9,999 டாலர் கேட்டு விளம்பரம் செய்தார். தட்டுக் கதை தன்பக்கம் ஆட்களை இழுக்கப் போட்ட தூண்டில் என்று பிற்பாடு அவரே ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார். வேடிக்கைக் கதைதானே, நம்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

உண்மையில் தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்? காகிதத்தால். ஆஸ்திரியாவிலிருந்து மலை தாண்டி வட இத்தாலி. அங்கே டெர்மேனோ என்ற சிற்றூரின் பெயரில் ஒரு பொய் அடையாள அட்டை. ரோமில் பிஷப் ஹூடால், குரோவேஷியப் பாதிரியார் ட்ராகனோவிச் போன்றவர்களின் சிபாரிசு. அதைக் காட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயண ஆவணம். போரில் நாடிழந்த அகதிகளுக்காக ஏற்பட்டது அது, யார் எவர் என்று துருவிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அர்ஜென்டினாவில் அதிபர் பெரோன் அரசின் நுழைவு அனுமதி. ஜெனோவாவில் கப்பல், மூன்றாம் வகுப்பு. ‘ஒடெஸா’ என்று ஒரே மாபெரும் ரகசிய இயக்கம் இதையெல்லாம் நடத்தியது என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. ஆளுக்கொரு வழி, ஆங்காங்கே ஒரு கை. பிரான்ஸில் ‘லியோனின் கசாப்புக்காரன்’ எனப்பட்ட நாஜி ரகசியப் போலீஸ் அதிகாரி கிளாவுஸ் பார்பியைப் பொலிவியாவுக்கு அனுப்பி வைத்தது அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவு. 1983-ல் பிரான்ஸிடம் அதற்காக அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது.

போன இடத்தில் ஒளிந்தார்களா என்றால், ரொம்ப ஒன்றும் இல்லை. அவுஷ்விட்ஸ் வதைமுகாம் மருத்துவர் மெங்கலே 1956-ல் புவெனஸ் ஐரஸில் உள்ள மேற்கு ஜெர்மன் தூதரகத்துக்குப் போய்ச் சொந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட் வாங்கினார். அவர் பெயர் டெலிபோன் டைரக்டரியில் இருந்தது. ட்ரெப்ளிங்கா முகாமின் தளபதி ஷ்டாங்கல் பிரேசிலில் சொந்தப் பெயரில் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் வேலை பார்த்தார்.

யூதர்களை ரயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய அடால்ஃப் ஐக்மன் 1950 ஜூலை 14-இல் ‘ரிக்கார்தோ கிளெமென்ட்’ என்ற பெயரில் அர்ஜென்டினாவில் வந்து இறங்கினார். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள், பிள்ளைகள் ஐக்மன் என்ற பெயரை விடவில்லை. மூத்தவன் ஒரு பெண்ணோடு பழகினான். அவள் வீட்டில் உட்கார்ந்து யூதர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினான். அந்தப் பெண்ணின் அப்பா லோதார் ஹெர்மன் தாக்காவ் முகாமில் அடிபட்டவர், யூத வம்சம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதவர், அதற்குள் கண்பார்வையும் போயிருந்தது. பின்னால் செய்தித்தாளில் ஐக்மன் என்ற பெயர் வந்தபோது அவருக்குப் பொறிதட்டியது. ஜெர்மனியில் ஹெஸ்ஸே மாநில அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாவருக்கு எழுதினார். தன் நாட்டு அரசை நம்பாத பாவர், 1957-ல் தகவலை இஸ்ரேலுக்குக் கொடுத்தார்.

1958 தொடக்கத்தில் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொஸாட் ஓர் ஆளை அனுப்பியது. அவர் ஒலிவோஸ் பகுதியில் அந்தத் தெருவுக்குப் போய் வீட்டைப் பார்த்தார். குறுகலான, ஏழ்மையான வீடு. ஐக்மன் அளவுக்குப் பெரிய நாஜி, கொள்ளையடித்த சொத்தும் ரகசிய ஆதரவும் உள்ளவன், இப்படி ஒரு வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்டித் திரும்பிவிட்டார். விசாரணை கிடப்புக்குப் போனது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஐக்மன் கரிபால்டி தெருவில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோயிருந்தார். மெர்ஸிடிஸ்-பென்ஸ் ஆலையில் வேலை, தினமும் மாலை பஸ்ஸில் வீடு. 1960 மே 11 அன்று வழக்கமான பஸ்ஸில் அவர் வரவில்லை. அவரைப் பிடிக்கக் காரில் காத்திருந்த மொஸாட் ஆட்கள் போய்விடலாமா என்று யோசித்தார்கள். எட்டு மணிக்கு மேல் இன்னொரு பஸ் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, இருட்டில் வீட்டை நோக்கி நடந்தார்.